வகுப்பறை வாசல் வரை உடன் வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 2022 ஜூன் 13ஆம் நாள் பள்ளி திறந்தபோது, நான்காம் வகுப்புக்குச் செல்லும் எங்கள் மகள், வாசலில் எங்கள் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் இப்படியொரு காலை வரும் என்று நாங்கள் நம்பிய நாள்கள் மிகச் சில. எங்களுக்கும் சேர்த்து நம்பியவர்களுக்கே இம்மடலை எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறந்தபோது மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். முதல் வாரத்திலேயே சீருடையைக் கண்டதும் வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. அந்த நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் மழை விடுமுறைகள் அடுத்தடுத்து வந்தன. விடுமுறை என்று தொலைக்காட்சியில் சொன்ன சிறிது நேரத்தில் அவள் எழுந்து தோசை கேட்பாள். நடிக்கிறாள் என்று நாங்களும் எண்ணினோம். ஒரு நாள் அவளைத் தூக்கி ஆட்டோவில் திணித்தோம். அன்றிரவு அவள் உறங்கவில்லை, நாங்களும் உறங்கவில்லை. "ரெண்டு போட்டு அனுப்புங்க" என்று அறிவுரை சொன்ன உறவினர்களுக்கு இம்மடலில் நன்றி கூற இயலாமைக்கு வருந்துகிறோம்.

சோதனைகளில் குறை ஏதுமில்லை என்றதோடு நிறுத்திக்கொள்ளாமல், "ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதா?" என்று கேட்டு, வலி உண்மையானது, அதன் காரணம் பயம் என்று விளக்கி ஆலோசகரிடம் அனுப்பி வைத்த குழந்தைநல மருத்துவர் ஐயாவுக்கு முதல் நன்றி.

ஆலோசகர் அம்மையாரோ, குழந்தையை இப்போதைக்கு அழைத்து வர வேண்டாம், நீங்கள் இருவரும் வந்தால் போதும் என்றார். எங்களுக்கு அது விளங்கவில்லை. கட்டணம் வீண் என்றுகூடப் பேசிக்கொண்டோம். பெற்றோரை மட்டுமே பயிற்றுவிக்கும் அந்த முறையை யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழுவினர் வகுத்தார்கள் என்றும், 124 குழந்தைகளைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வில் அது குழந்தைக்கே நேரடியாக அளிக்கும் சிகிச்சைக்கு ஈடான பலன் தந்தது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். வலிக்கிறது என்றதும் வீட்டிலிருக்க விடுவதால் அவளுக்கு உடனே நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதியே மறுநாள் பயத்தை வளர்க்கிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். "பயமா இருக்குன்னு எனக்குத் தெரியும்; உன்னால தாங்க முடியும்னும் தெரியும்" என்ற இரண்டு வாக்கியங்களைக் கெஞ்சலோ அதட்டலோ கலக்காமல் சொல்ல எங்களைப் பலமுறை ஒத்திகை பார்க்க வைத்தார். குழந்தையின் தந்தைக்குக் குரலைத் தணிப்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று.

பிறகு படிப்படியாகப் போனோம்: சீருடையோடு திண்ணையில் அமர்வது, மாலையில் ஆளில்லாத பள்ளியைச் சுற்றி வருவது, சத்துணவு நேரம் மட்டும் இருப்பது, ஒரு பாடவேளை. முட்டைகளை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்த சமையல் உதவியாளர் அம்மாவை மறக்க இயலாது. ஜனவரியில் தொற்றுப் பரவலால் பள்ளி மீண்டும் மூடப்பட்டு, 2022 பிப்ரவரி 1 அன்று திறந்தபோது மறுபடியும் வாசலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளிக்குப் பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கவே தயங்கியவளை, தெருவில் மாலை வகுப்பு நடத்திய இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் தங்கை தேற்றினார்.

வகுப்பாசிரியைக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. எங்களிடம் சொல்லாததை மகள் அவரிடம்தான் சொன்னாள். 2021 மே மாதம் அவளுடைய பாட்டியை 108 ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்றபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாட்டி திரும்பவில்லை. பள்ளி முடிந்து வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்பதே அவளுடைய பயம். அதைக் கேட்டறிந்த ஆசிரியை, வீட்டுச் சாவி ஒன்றை அவளிடமே கொடுத்தனுப்பச் சொன்னார். ஜியாமெட்ரி பெட்டிக்குள் சாவியை வைத்துக்கொண்டு, கதவோரப் பெஞ்சில் அமர்ந்து, பாடவேளைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பாளாம். பெட்டி திறக்கும் சத்தத்துக்கு ஒரு நாளும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

தேர்வு முடிந்ததும் இனிப்போடு பள்ளிக்குச் சென்றோம்; ஒரே ஒரு துண்டு எடுத்துக்கொண்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். சாவி இன்னும் அந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது. சென்ற வாரம் பூட்டிய வீட்டுக்கு முன் நாங்கள் நின்றபோது, சாவி தன்னிடம் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

நன்றியுடன்,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெற்றோர்,
சிதம்பரம்.