பந்தல் இல்லாத திராட்சை மலை

வலான்ஸ், பிரான்ஸ்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? நான் அனுப்பிய திராட்சைத் தோட்டத்துப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பந்தலையே காணோம், கொடி எங்கே படரும்?" என்று கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் பாதி கேட்காது, மீதியைச் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போட்டோவில் இருப்பது எர்மிடாஜ் மலை. வலான்ஸிலிருந்து வடக்கே ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் டேன் என்ற சின்ன ஊர் வரும். ஊருக்கு முன்னால் ரோன் ஆறு, பின்னால் இந்த மலை. கல்லடுக்குச் சுவர்களில் ஒயின் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரை நம்ம ஊர் சிமென்ட் விளம்பரம் மாதிரி பெரிசாக எழுதி வைத்திருக்கிறார்கள். உச்சியில் ஒரு சின்னத் தேவாலயம். தோட்டம் மொத்தமும் சுமார் 136 எக்டேர்தான், ஏக்கரில் முந்நூற்று முப்பது சொச்சம்.

பந்தல் போட அந்தச் சரிவில் வழியில்லை. செங்குத்தான இடங்களில் டிராக்டரும் ஏறாது. கொடிக்கு ஒரு மரக்கம்பு ஊன்றிச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். மிஸ்த்ரால் என்று ஒரு வடகாற்று ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி வரும். கம்பு இல்லாவிட்டால் தளிரையெல்லாம் முறித்துப் போட்டுவிடும். ஆனால் அதே காற்றுதான் இலை ஈரத்தைக் காயவைத்து அடிச்சாம்பல் நோயை ஓரளவு தள்ளி வைக்கிறது, அதனால் அதைத் திட்டவும் முடியாது. பெருமழை பெய்தால் மண் அடிவாரத்துக்கு வந்துவிடும். அந்த மண்ணை அள்ளிச் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை.

அடுத்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே விளைச்சலுக்கு உச்சவரம்பு உண்டு. எர்மிடாஜிலும் பக்கத்துக் கோர்னாஸிலும் எக்டேருக்கு 4,000 லிட்டர் ஒயின் என்பதுதான் அடிப்படை அளவு. பழக்கணக்கில் ஏக்கருக்கு இரண்டு டன் சொச்சம் வரும். நாம் ஒரு மகசூலிலேயே அதைத் தாண்டிவிடுவோம். இவர்களுக்கு வருஷத்துக்கு ஒரே அறுப்பு, பெரும்பாலும் செப்டம்பரில். குளிர்காலம் முழுக்கக் கொடி மொட்டைக் கட்டையாகத் தூங்கும், கிளையை வெட்டிவிடுகிற கவாத்தும் அப்போதுதான். எங்கள் கொடிக்குத் தூக்கமே கிடையாது, கவாத்து பண்ணி நாலு மாசத்தில் பழம், ரெண்டு வருஷத்தில் அஞ்சு மகசூல் எடுப்பவர்களும் உண்டு என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கொடி பாவம்" என்றார்.

ரகத்தின் பெயர் சிரா. நம்ம பன்னீர் திராட்சையை மனதில் வைத்துக்கொண்டு ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். பழம் சின்னது, தோல் தடிப்பு, உள்ளே பெரும்பாலும் கொட்டைதான். இனிப்பு இருக்கிறது. ஆனால் தோலைக் கடித்ததும் நாக்கு இழுத்துக்கொண்டது. தின்பதற்கான பழமே இல்லை. அந்தத் தோலில்தான் நிறம், வாசனை, துவர்ப்பு எல்லாம் இருக்கின்றன. சதையைப் பிழிந்தால் சாறு நிறமில்லாமல்தான் வருகிறது. அதனால் தோலோடும் கொட்டையோடும், சிலர் காம்பைக்கூட எடுக்காமல், அப்படியே தொட்டியில் போட்டு நுரைக்க விடுகிறார்கள். அப்புறம் மரப்பீப்பாயில் ஒரு வருஷமோ அதற்கு மேலோ.

ஒயின் குடித்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்பாள். ருசி பார்த்தேன். கோர்னாஸில் ஒரு சின்ன விவசாயி வீட்டு நிலவறைக்கு ஆபீஸ் தோழி கூட்டிப்போனாள். டம்ளரில் கால்வாசிகூட ஊற்றவில்லை. முதலில் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். நடுவில் மை போலக் கருப்பு, ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். பிறகு டம்ளரைச் சுழற்றி மோந்து பார்க்க வேண்டும். கடைசியில்தான் ஒரு வாய், அதையும் வாய்க்குள் சுற்றவிட்டுப் பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிடலாம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. தோழி கார் ஓட்ட வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் துப்பினாள். ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால் இருந்தாலே இங்கே போலீஸ் பிடிக்கும்.

மோந்ததும் எனக்கு வந்தது மிளகு. பழ வாசனை பிறகுதான். அம்மா ரசத்துக்கு அம்மியில் நுணுக்குவாளே, அந்தப் பச்சை நெடி, காரம் மூக்கில் ஏறுவதற்கு முந்தின நொடியில் வருவது. சொன்னதும் அந்த விவசாயிக்குச் சந்தோஷம். தோழிக்கோ எவ்வளவு மோந்தாலும் வரவே இல்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ரோட்டன்டோன் என்ற ஒரு பொருள் திராட்சைத் தோலில் இருக்கிறது, மிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம். ஒயினில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் பதினாறு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த வாசனை தெரிவதே இல்லை. குளிர்ச்சியான வருஷத்துப் பழத்தில் மிளகு தூக்கலாக இருக்கும், வெயில் வருஷத்தில் அடங்கிவிடும். குமுளி மிளகை மோந்து வளர்ந்த மூக்கு என்று நான் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொண்டேன், அதிலொன்றும் தப்பில்லை.

மிளகுக்குப் பின்னால் கருப்பு ஆலிவ், புகையில் வாட்டிய இறைச்சி, ஏதோ ஒரு பூ என்று வரிசையாக வரும். விழுங்கினால் ஈறெல்லாம் பிடித்துக்கொள்கிற துவர்ப்பு. கோர்னாஸ் முழுக்க சிரா மட்டுமே, வேறு எந்த ரகத்தையும் கலக்கச் சட்டம் விடாது. வடக்கே கோத்-ரோத்தியில் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்க்கலாம், அதனால் அது கொஞ்சம் மணமும் மென்மையுமாக இருக்கும். எர்மிடாஜ் பாட்டிலெல்லாம் 100 யூரோவைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஒருவர் புண்ணியத்தில் ருசி பார்த்தேன். கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் கிடக்க வேண்டிய சரக்கை அவசரத்தில் திறந்துவிட்டார்கள், வாயைத் திறக்கவிடாமல் இறுக்கமாக இருந்தது. எனக்குப் பிடித்தது கோர்னாஸ். வாங்கக் கட்டுப்படியாவது மலையைச் சுற்றிக் கீழே விளைகிற குரோஸ்-எர்மிடாஜ். பதினைந்து இருபது யூரோவுக்கு அந்த மிளகு அப்படியே கிடைக்கிறது.

சாப்பாட்டோடு? இங்கே ஆட்டுப்பாலில் செய்கிற பிகோதோன் என்ற வட்டச் சீஸ், ஆட்டுக்கறி, பன்றித் தொத்திறைச்சி. நான் வீட்டில் மிளகாய் சேர்க்காமல் மிளகு மட்டும் போட்டுக் கறி வறுத்தேன், பிரமாதமாகப் பொருந்தியது. வத்தக்குழம்புக்குச் சுத்தமாக ஆகாது. காரமும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கு எரிகிறது.

இந்தச் சிரா பாரசீகத்து ஷிராஸிலிருந்து வந்தது, சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரன் கொண்டுவந்தான் என்றெல்லாம் கதை சொல்வார்கள். 1990-களின் கடைசியில் மரபணுவைப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. தாய் மோந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளை ரகம், தகப்பன் தியூரேசா என்ற கருப்பு ரகம். இரண்டும் இந்தப் பக்கத்து ரகங்கள்தான், தகப்பன் ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஆர்தேஷைச் சேர்ந்தது. அப்பா, இன்னொன்று. 1832-இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போன குச்சிகளில் எர்மிடாஜ் மலைக் குச்சியும் உண்டு. நம்ம பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-இல் கொண்டுவந்தது என்று பேப்பரில் போட்டிருந்ததே, அதே வருஷம்.

வியாபாரிகள் எங்கேயும் ஒரே மாதிரிதான். 19-ஆம் நூற்றாண்டில் போர்தோ என்ற ஊர் ஒயின் நீர்த்துப்போனால் இந்த மலை ஒயினைக் கலந்து தெம்பூட்டி விற்பார்களாம். லேபிளில் பெயர் போர்தோவுக்கு, உழைப்பு இங்கே. நம்ம பழத்தை வேறு ஊர்ப் பெயர் போட்டு விற்கிறார்கள் என்று நீங்கள் பொருமுவது நினைவுக்கு வந்தது.

ஒயின் இதயத்துக்கு நல்லது என்று மாமா சொல்லிக்கொண்டு திரிகிறாரே, அதை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இலேயே சொல்லிவிட்டது. இங்கேயும் விளம்பரத்தில் எச்சரிக்கை வாசகம் போடாமல் விடமாட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு டம்ளர், அதைப் பற்றி அரைமணி நேரப் பேச்சு, அப்புறம் மூடி வைத்துவிடுகிறார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன், நான் பழகுகிறவர்கள் அப்படி. அம்மாவுக்கு இந்தப் பத்தியை இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, வரும்போது நாலு குச்சி கொண்டு வா என்றீர்கள். முடியாது அப்பா. அனுமதிச் சீட்டு, நோயில்லை என்ற சான்றிதழ், வந்தபின் தனியாக வளர்த்துப் பார்ப்பது என்று ஏகப்பட்ட சட்டம். பையில் ஒளித்து வைத்தெல்லாம் கொண்டுவர மாட்டேன். இங்கே ஒரு பூச்சி அமெரிக்கச் செடியோடு வந்து நாடு முழுக்கத் தோட்டத்தை அழித்ததால்தான் இன்றைக்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி நடுகிறார்கள், நாசிக்காரர்கள் டாக் ரிட்ஜ் என்ற அமெரிக்க ரகத்து வேரில் கட்டுகிற மாதிரி. சிரா வேண்டுமென்றால் நாசிக்கிலேயே இருக்கிறது, ஷிராஸ் என்ற பெயரில். ஆனால் தின்னவும் ஆகாது, நம்ம கமிஷன் கடையில் கிலோ என்ன விலைக்கு எடுப்பார்கள்? பன்னீரே போதும்.

இந்தத் தடவை கவாத்துக்கு ஆள் கிடைத்தார்களா? மேற்கு மூலையில் சாய்ந்த கல்தூணைத் தம்பி நிமிர்த்தினானா இல்லையா என்று எழுதுங்கள். பணம் அடுத்த வாரம் போடுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மகள்