பதுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காப்பித்தூள் விலையேற்றம் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில், மலை விவசாயிகள் காப்பிக் கொட்டையைப் பதுக்குவதும் ஒரு காரணம் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அக்காவைத் திண்டுக்கல் மாவட்ட மலையில் தாண்டிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 2 ஏக்கர் அராபிகா ரகக் காப்பி, நிழல் மரங்களில் மிளகுக்கொடி, கொஞ்சம் மலைவாழை, அவ்வளவுதான். பழம் சிவக்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாகிவிடும். பறித்த பழம் புளித்துவிடும் என்று அன்றைக்கே தோலுரிக்கும் பல்பர் இயந்திரத்தில் போட்டாக வேண்டும். ஒரு தை மாதம் கூடவே இருந்து பார்த்தேன். களத்தில் காய்ந்த கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்த வியாபாரி, "ஈரம் இருக்கு" என்று மூட்டைக்கு 2 கிலோ கழித்தார். அத்தான் வாய் திறக்கவில்லை. முன்பணம் வாங்கியவர் என்ன பேச முடியும்? இவர்களா பதுக்குகிறார்கள்?

விலை ஏறியதன் காரணம் வெளியே இருக்கிறது. பிரேசிலில் வறட்சி வந்ததும், 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு எடைக்கு 4 டாலரைத் தாண்டியதும் உங்களுக்குத் தெரியாததல்ல. தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்த செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, புதுக் கன்று காய்க்க மூன்று நான்கு வருடம் இவர்கள் காத்திருந்தபோது யாரும் ஒரு வரி எழுதவில்லை. எங்கள் கும்பகோணம் டிகிரி காப்பியைப் பற்றி மட்டும் வருடம் தவறாமல் எழுதுகிறீர்கள். பித்தளை டபரா உண்டு, பசும்பால் உண்டு, கொட்டை விளைவித்தவர் கிடையாது. தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் தருகிறது. கொட்டை விலை ஏறும்போது அந்தப் பங்கும் ஏறுகிறதா என்று ஒருமுறையாவது விசாரித்திருக்கலாம்.

எங்கள் நெல்லுக்காவது ஆதரவு விலையும் கொள்முதல் நிலையமும் உண்டு. தொண்ணூறுகளில் மத்திய அரசின் காப்பி வாரியம் கொள்முதலை விட்ட பிறகு மலை விவசாயிகளுக்கு அதுவும் இல்லை. இங்கேயும், நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியால் மூட்டைகளோடு நாங்கள் மழையில் கிடந்தபோது, ஈர நெல்லைக் கொண்டுவந்தது விவசாயிகளின் தவறு என்றுதான் எழுதினீர்கள். அதற்கு நான் அனுப்பிய கடிதம் வரவே இல்லை. முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு, ஐயா.

சந்தை நிலவரத்தில் நெல், உளுந்து, பருத்தி விலைக்குக் கீழே, தாண்டிக்குடியிலும் ஏற்காட்டிலும் விவசாயி கைக்கு வரும் கொட்டை விலையையும் வாரம் ஒருமுறை போடுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்