துணைக்கு வந்தவரிடம் விலை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

சக்கர நாற்காலியில் வருபவர் புடவையின் விலையைக் கேட்டால், பதில் அவரைத் தள்ளி வந்தவருக்குப் போகிறது. பணம் கொடுப்பவர் யார் என்றுகூடவா தெரியாது? எங்கள் கடைத்தெருவில் இது அன்றாடக் காட்சி.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளுக்கும் பொருந்தும். சாக்கடையைத் தாண்டி மூன்று படி ஏறும் சிறு கடைகளில் சாய்தளம் கட்ட இடமில்லை என்பது உண்மைதான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அது நடுச்சாலைக்கே வந்துவிடும். ஆனால் கடைக்காரர் வாசலுக்கு இறங்கி வந்து சரக்கைக் காட்டலாமே! காரில் இருந்தபடி ஹாரன் அடிப்பவருக்கு ஓடி வருகிறார்களே.

பார்வையற்றவருக்கு மீதி தரும்போது ஒவ்வொரு நோட்டையும் சொல்லிக் கையில் வைக்க வேண்டும். 200, 500 ரூபாய் நோட்டுகளுக்கிடையே நீள வித்தியாசம் 4 மி.மீ. மட்டுமே, ரிசர்வ் வங்கியே 2020-இல் நோட்டை அடையாளம் சொல்லும் ‘மணி’ செயலியை வெளியிட்டது. காதுகேளாதவரிடம் கத்துவானேன்? கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டினால் போதும்.

வணிகர் சங்கங்கள் தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் கடை ஊழியர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை