'பெரியவர்கள்' என்றால் யார்? நம் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர், செயலாளர், நம் குடியிருப்பில் பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொண்டு இருப்பவள். தினமும் சாயங்காலம் திடல் ஓரத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பலருக்கு முகம் தெரியும். பேசிப் பழகியவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினீர்கள். பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்ல வேண்டும், 'நீ, வா, போ' என்று பேசக் கூடாது, எதிர்த்துப் பேசினால் ஒரு வாரம் திடலில் விளையாட அனுமதி இல்லை என்று அதில் இருக்கிறது. முன் பிளாக்கில் ஒரு பெரியவரைப் பார்த்து ஒரு பையன், "நீ யாரு கேக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டானாம். அதனால் வந்தது என்று கேள்விப்பட்டேன். அவர் வருத்தம் நியாயமானது. எழுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் அப்படிக் கேட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது. அறிவிப்பைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் 'பெரியவர்கள்' என்று போட்டிருக்கிறீர்களே, அதில் யாரெல்லாம் அடக்கம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த அறிவிப்பு ஒட்டிய மறுநாள் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆறு வயதுப் பையன் ஒருவன் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். பந்து உருண்டு போய் ஒரு காருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. "ஏய் வாட்ச்மேன், பால எடு" என்று கத்தினான். கேட்டில் இருந்தவர் எழுந்து வந்தார். அவருக்கு அறுபத்தைந்துக்குக் குறையாது. முட்டி மடங்கவில்லை போல, காரின் பம்பரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் ஒருக்களித்துப் படுத்து, கேட் ஓரத்தில் கிடந்த பழைய துடைப்பக் கட்டையை விட்டுப் பந்தை இழுத்தார். எழுந்திருக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. பந்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சட்டையிலேயே துடைத்து, "இந்தாங்க தம்பி" என்று கொடுத்தார். பையன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அவன் அப்பா நாலடி தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அரை மணி நேரம் கழித்து அதே பையன் லிஃப்டில் எங்களோடு வந்தான். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் ஏறினார், முப்பத்தைந்து வயது இருக்கும். "குட் ஈவினிங் அங்கிள்" என்றான். "எவ்வளவு மரியாதையான பிள்ளை" என்று எல்லாரும் சிரித்தோம். என் முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு மரியாதை நன்றாகவே தெரிகிறது. யாருக்குக் கொடுக்கணும், யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தானாக வராது. நாம் பேசுவதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறது.

'நீ, வா, போ' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம் கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் பெற்ற பிள்ளையையே "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்பார்கள். எங்கள் கீழத்தஞ்சையில் அம்மாவை 'நீ' என்போம், அப்பாவை 'நீங்க' என்போம். அதனால் அம்மாவை மதிக்கவில்லை என்று ஆகிவிடுமா? இந்தக் காலத்து வீடுகளில் அப்பாவையும் 'நீ' என்று கூப்பிடுகிற பிள்ளைகள் இருக்கின்றன. அது உரிமையில் வருகிற பேச்சு. நம் பின் பிளாக்கில் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தியில் பெரியவர்களை 'ஆப்', அதாவது 'நீங்க' என்று அழகாகத்தான் கூப்பிடுகின்றன. தமிழை அவை கற்றுக்கொண்டது திடலில். திடலில் கிடைக்கிற தமிழ் "வாடா, குடுறா, போடா" தானே? அதை வைத்துக்கொண்டு தாத்தாவிடம் "நீ எங்க போற?" என்று கேட்டால் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கிலீஷ் மீடியத்தில் நாள் முழுக்க 'யூ' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் பேசிவிட்டு வருகிற நம் பிள்ளைகளுக்கும் இதே சங்கடம். "அப்படிச் சொல்லக் கூடாதுடா, நீங்கன்னு சொல்லணும்" என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னால் ஒரு வாரத்தில் திருந்துகிற விஷயம் இது. திடலைப் பூட்டுகிற அளவுக்குக் குற்றம் இல்லை.

ஒருவரைப் பன்மையில் 'அவர், வந்தார்' என்று சொல்வது இலக்கண விதியால் வந்தது இல்லை, வழக்கில் உயர்த்திச் சொல்வது என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொல்லிக்கொடுத்தது இத்தனை வருஷம் கழித்தும் மறக்கவில்லை. வழக்கு என்றால் சுற்றி இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. இங்கே சுற்றி இருப்பது நாம்தான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், அந்தப் பையன் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். தாத்தாவுக்கு நிலம் இருந்தது. எங்கள் வயலில் வேலை பார்த்த ஒருவருக்கு என் தாத்தாவை விட வயது அதிகம். எனக்கு ஏழு வயது. அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், 'வா, போ' என்றுதான் பேசுவேன். வீட்டில் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். ஒரு நாள் களத்துக்கு வரச் சொல்லி அவரை அழைத்து வர என்னை அனுப்பினார்கள். அவர் தெருவின் முனையில் நின்றுகொண்டு பேரைச் சொல்லிக் கத்தினேன். சோறு தின்றுகொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு, "இதோ வந்துட்டேன் சின்னம்மா" என்று எழுந்து வந்தார். வாசலில் அவர் பேத்தி நின்றிருந்தாள், என் வயசுதான். அவள் ஒன்றும் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் என் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. என்னை யாராவது என் பேத்தி முன்னால் அப்படிக் கூப்பிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன்.

1940களில் எங்கள் பக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிச் சங்கம் கட்டினார். அவர்கள் கூலிக்காக மட்டும் போராடவில்லை. சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பாலும் ஒழிய வேண்டும், எங்களையும் மனிதராக நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். அத்தனை பெரிய போராட்டம் நடந்த மண்ணில், கால் நூற்றாண்டு கழித்து, ஏழு வயதில் நான் ஒரு கிழவரை 'வா' என்றேன். பேச்சுப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் சாகாது. அது நம்மோடு பட்டணத்துக்கு வந்து, லிஃப்ட் ஏறி, மூன்றாம் மாடி வரைக்கும் வந்துவிட்டது.

பெரியார் தன்னைப் பார்க்க வருகிற சின்னப் பையன்களையும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம், நம்மைவிட மூத்தவரைக் கூப்பிடும்போதாவது அந்த 'ங்க' வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் புது அறிவிப்புக்குப் பக்கத்திலேயே பழைய அறிவிப்பு ஒன்றும் இருக்கிறது, கவனித்தீர்களா? வீட்டு வேலை செய்பவர்களும் டெலிவரி கொண்டு வருபவர்களும் பின்பக்க லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறது. பின்பக்க லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா அன்றெல்லாம் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். என் பேத்தி இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். இரண்டு அறிவிப்பையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வாசித்துவிட்டு, "அந்த அம்மா பெரியவங்க இல்லையா பாட்டி?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரையும் குறை சொல்ல இல்லை. லிஃப்டில் "பேரென்ன, எந்த ஸ்கூல், எந்த வீடு" என்று கேட்டால் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்கிற பெண் பிள்ளைகளை 'கொழுப்பு' என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. தெரியாதவர்களிடம் பேரும் விலாசமும் சொல்லாதே, தொட்டால் 'வேண்டாம்' என்று சொல், பயமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு என்று பள்ளியிலும் வீட்டிலும் நாம்தான் படித்துப் படித்துச் சொல்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை லிஃப்டில் தனியாக நிற்கும்போது பேசாமல் இருந்தால் அது சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று அர்த்தம். கன்னத்தைக் கிள்ளினால் விலகிக்கொள்வதும் அப்படித்தான். இதற்கெல்லாம் முகம் வாடாமல் இருக்கப் பெரியவர்கள் நாமும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் பேசியே தீர வேண்டும் என்று எந்த அறிவிப்பும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். அங்கே கேட்கப் போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். திடலுக்குப் போகக் கூடாது என்கிற தண்டனையை எடுத்துவிடுங்கள். பின்பக்க லிஃப்ட் அறிவிப்பையும் எடுத்துவிடுங்கள். 'பெரியவர்கள்' என்ற இடத்தில், காவல் காக்கிறவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், பார்சல் கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் அடக்கம் என்று எழுதுங்கள். 'வாட்ச்மேன்' என்பது அவர் பார்க்கிற வேலை. அதையே பேராக்கிக் கூப்பிடுவதை முதலில் நாம் நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்குத் தாத்தா, அண்ணா, அக்கா, அத்தை என்று தமிழில் உறவுமுறைக்கா பஞ்சம்? நமக்குத் தெரியாதவரையும் சொந்தமாக்கிக்கொள்ளத்தானே அத்தனை முறை வைத்திருக்கிறோம்.

பந்து விளையாடிய அந்தப் பையனின் அப்பா அம்மா இதைப் படித்தால் அவனைத் திட்ட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல பிள்ளை அவன். விழுந்த என் கண்ணாடியை ஓடி வந்து எடுத்துக் கொடுத்தவன்.

பந்து எடுத்த அன்று ராத்திரி என் பேத்தி, "அந்தத் தாத்தா பேரு என்ன பாட்டி?" என்று கேட்டாள். நாலு வருஷமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. மறுநாள் இரண்டு பேரும் கீழே போய்க் கேட்டோம். நாற்காலியிலிருந்து எழப் போனார், வேண்டாம் உட்காருங்க என்றேன். பேரைச் சொன்னார். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம், பேத்தி நாலாம் வகுப்பு படிக்கிறாள், ராத்திரி ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம், முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறார். பேத்திக்கு அவர் ஒரு கமலா ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். என்னைப் பார்த்தாள், தலையசைத்தேன், வாங்கிக்கொண்டாள்.

அவரைக் கேட்காமல் அவர் பேரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கேட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
திடல் ஓரத்துப் பெஞ்சில் உட்காரும் பாட்டி