கடுவன் குட்டி இருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகவே உங்கள் பேப்பரில் தெரு நாய் பற்றி வாசகர் கடிதம் வராத வாரம் இல்லை. பாதிப் பேர் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்கிறார்கள், மீதிப் பேர் வாயில்லா ஜீவன் என்று உருகுகிறார்கள். இரண்டு கட்சியிலும் எத்தனை பேர் ஒரு நாய்க் காப்பகத்துக்குள் கால் வைத்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். இரண்டு வருடம் முன்பு வரை நானும் வைத்ததில்லை, அதனால் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம்.

நான் குன்னூர் வண்டிச்சோலைப் பக்கம். வீட்டிலேயே தையல் வேலை. யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய துணி, பழைய போர்வை, கம்பளி என்று ஒரு மூட்டை சேர்ந்து கிடந்தது. குளிருக்கு நாய்களுக்கு விரிக்க ஆகும் என்று ஒருவர் சொன்னதால், ஒரு டிசம்பர் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். கேட் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டி, சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே நாலு குட்டி. கண் அப்போதுதான் திறந்திருந்தது. நாலும் பெட்டை. பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்திருந்தார்கள், பல்லே முளைக்காத குட்டிகளுக்கு! கொண்டுவந்து போட்டவருக்கு மனசு உறுத்தியிருக்கிறது, அந்த உறுத்தலை ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் முடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அங்கே வேலை பார்க்கும் பையன் பதறவே இல்லை. "இந்த மாசத்துல மூணாவது பெட்டிக்கா" என்று சொல்லிவிட்டுக் குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைக்கப் போய்விட்டான்.

உள்ளே இரண்டு நாய்க்குக் கட்டின கூண்டில் ஐந்து இருந்தன. காப்பகம் நிரம்பி வழிகிறது என்று பேப்பரில் படித்தால் இட நெருக்கடி, சாப்பாட்டுச் செலவு என்றுதான் நமக்குத் தோன்றும். நோய்தான் அதைவிடப் பெரிய தொல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தடுப்பூசி போடாத குட்டிக்கு பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் வாந்தி, ரத்தபேதி, இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம், சாதாரண ஃபினாயிலுக்கெல்லாம் அசராது, பிளீச்சிங் போட்டுத்தான் கழுவ வேண்டும். குட்டிக்கு முதல் ஊசியே ஆறு எட்டு வாரத்தில்தான், அப்புறம் நாலு மாதம் வரை விட்டு விட்டுப் போட வேண்டும். அதுவரைக்கும் அது இருக்கவே கூடாத இடம் எது என்று கேட்டால், ஊரிலுள்ள நாயெல்லாம் வந்து போகும் காப்பகம்தான். நாமோ அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் புண்ணியம் என்கிறோம்.

போர்வையை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பையன், "அக்கா, தத்தெல்லாம் எடுக்க வேண்டாம், ஒரு மூணு வாரம் மட்டும் வச்சுக்க முடியுமா? கருத்தடை ஆபரேஷன் ஆன பெட்டை ஒண்ணு இருக்கு, இந்தக் கூட்டத்துல தையல் ஆற மாட்டேங்குது" என்றான். தையல்காரியிடம் வந்து தையல் ஆறவில்லை என்றால் நான் என்ன சொல்வது, சரி என்றேன். வீட்டில் அவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

பழுப்பு நிற நாட்டு நாய், இடது காதில் ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக ஒரு வெட்டு. "பேர் வச்சிடாதீங்க, அப்புறம் விட மனசு வராது" என்று பையன் எச்சரித்திருந்ததால் பாப்பா என்று மட்டும் கூப்பிட்டேன், பாப்பா என்பது பெயர் இல்லையே. முதல் நாள் தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டது. நான் பார்த்தால் சாப்பிடாது. தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் நக்கும் சத்தம் கேட்கும், திரும்பி வந்தால் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். மிஷின் ஓடினால் உடம்பெல்லாம் நடுங்கும், அதனால் நாலு நாள் பெடலை மெதுவாக மிதித்தேன், ஆர்டர் எல்லாம் தள்ளிப்போய்த் திட்டு வாங்கினேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மிதித்துக்கொண்டே இருக்கிறேன், காலில் ஏதோ கனமாகச் சூடாக விழுகிறது. குனிந்து பார்த்தால் என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறது. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்குச் சாயந்திரம் அவர் கடைக்குப் போய்க் கோழிக் கழுத்து வாங்கி வந்தார், யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீக்கு வாங்கும் வர்க்கியில் பாதி அதற்குத்தான் போனது. (சாக்லேட் மட்டும் கொடுக்கவே கூடாது, நாய்க்கு அது விஷம். நம் ஊரில் மூலைக்கு மூலை சாக்லேட் கடை இருப்பதால் இதைச் சொல்கிறேன், சீசனில் வருகிறவர்கள் ஆசையாக நாய்க்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.)

மூன்று வாரம் ஐந்து வாரமானது. அதற்குள் பாப்பா குழந்தைகளோடு எப்படி இருக்கும், பூனையைப் பார்த்தால் என்ன செய்யும், பட்டாசுக்கு எங்கே ஓடி ஒளியும் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. கூண்டில் ஐந்தில் ஒன்றாக இருந்தவரை அதைப் பற்றி யாருக்கும் சொல்ல எதுவுமே இல்லை. விசாரித்து வந்த அருவங்காட்டுக் குடும்பத்திடம் இதையெல்லாம் சொன்னதால்தான் எடுத்துப் போனார்கள். அன்றைக்கு நான் அழுதது உண்மை. ஆனால் அந்த ஐந்து வாரமும் காப்பகத்தில் ஒரு நாய்க்கு இடம் மிச்சம், அடுத்த நாயும் ஆபரேஷன் மேஜைக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு இதுவரை ஏழு நாய் என் மிஷினடியில் படுத்துவிட்டுப் போயிருக்கின்றன. ஒன்றைக்கூட நான் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றோடு நின்றிருக்கும்.

ஆயுசுக்கும் ஒரு நாயை வளர்க்க எல்லாராலும் முடியாது. வாடகை வீடு, வேலை, வயசு, எவ்வளவோ இருக்கிறது. மூன்று வாரம் முடியாதா என்றுதான் கேட்கிறேன். காப்பகத்தில் சாப்பாட்டுக்கு அரிசியும் மருந்தும் கொடுத்தே அனுப்புகிறார்கள்.

தத்தெடுக்க வருகிறவர்களின் கதை தனி. விசாரிக்க வரும் போனை நானும் சில நாள் எடுத்துப் பேசியிருக்கிறேன். முதல் கேள்வியே "கடுவன் குட்டி இருக்கா?" என்பதுதான். பெட்டை என்றால் குட்டி போட்டுத் தொலைக்கும் என்று பயம். ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி குட்டியே போடாது என்று சொன்னாலும் "இல்லைங்க, கடுவன் வந்தா சொல்லுங்க". தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்த வரிசையில் நிற்கிற அதே ஜனம்தான். இன்னொரு கூட்டம், மலைக் குளிருக்கு ஏற்றது என்று ஹஸ்கி என்ற ஜாதி நாயைக் காசு கொட்டி வாங்கி வருகிறது. அதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. எட்டு மாதத்தில் சோபாவைக் கிழிக்கிறது, ஊளையிடுகிறது என்று காப்பக வாசலுக்கு வந்துவிடுகிறது. ஒரு தங்கும் விடுதிக்காரர் சீசன் முடிந்ததும் இரண்டு லேப்ரடாரைக் கொண்டுவந்து, ஆளே இல்லாத நேரம் பார்த்துக் கேட்டில் கட்டிவிட்டுப் போனார். பட்டினி கிடக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருடச் சட்டப்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு பாக்கெட் வர்க்கிகூட அந்தக் காசுக்கு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மலையில் நாயை எடுக்கிறவர்கள் ராத்திரி அதை வீட்டுக்குள் விட வேண்டும். வாசலில் கட்டிப்போட்ட நாய் விடிந்து பார்த்தால் வெறும் சங்கிலியாகக் கிடந்த கதை எங்கள் லைன் வீடுகளிலேயே உண்டு, சிறுத்தைக்கு அது வீடு தேடி வந்து வைத்த சாப்பாடு. இதைச் சொன்னால் "காவலுக்குத்தானே நாய்" என்று கோபப்படுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் காப்பகம் நாய் கொடுக்க மறுப்பதைத் திமிர் என்று எழுதிய கடிதம்கூட உங்கள் பேப்பரில் படித்தேன். அது திமிர் இல்லை. தடுப்பூசி விஷயமும் அப்படித்தான். எஸ்டேட் ஓரத்தில் திரியும் நம் நாய்க்கு டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்தால் நம் வீட்டோடு நிற்காது, காட்டில் செந்நாய்க்கும் தொற்றும்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டில்லி நாய்களையெல்லாம் அடைக்கச் சொன்னதும், 11 நாளில் அதைத் திருத்தி, வெறிபிடித்ததும் ஆக்ரோஷமானதும் தவிர மற்றவற்றை ஆபரேஷன், ஊசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொல்லி வேறு உத்தரவும் வந்தது. நியாயம் அநியாயம் பேச நான் ஆள் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையை நாய் கடித்தால் பெற்றவள் வயிறு என்ன பாடுபடும் என்று தெரியும். ஐந்து நாய் இருக்கும் கூண்டில் ஆறாவதை எப்படி வைப்பது என்று மட்டும்தான் கேட்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். காணாமல் போன ஜாதி நாய்க்குச் சன்மானம் போட்டு விளம்பரம் வருகிறது. அதே பக்கத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு தீப்பெட்டி அளவு இடம் கொடுங்கள், காப்பகத்தில் இருக்கும் ஒரு நாயின் படம், வயசு, ஊசி போட்டாயிற்றா, மூன்று வாரம் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமா, நிரந்தரமாக வேண்டுமா என்று நாலு வரி. எழுதிக் கொடுக்க நான் தயார். இப்போது என் மிஷினடியில் இருப்பது பின்னங்கால் நொண்டும் ஒரு கறுப்பு நாய், ஆறு வயசு இருக்கும், குழந்தைகள் என்றால் உயிர், இடி இடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். பெட்டைதான். அதையும் மறைக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வண்டிச்சோலை, குன்னூர்.