கடைசி ஓட்டக்காரர் கடக்கும்வரை தண்ணீர்ப் பந்தலைப் பிரிக்காதீர்கள்

சென்னையில் மாரத்தான் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பின்னால் வந்த எங்களுக்குத் தண்ணீர் வைக்காமல் பந்தல்களைப் பிரித்துவிட்டதைப் பற்றி ஓட்டம் முடிந்த அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன், பின்னால் ஓடி வந்த இன்னும் பலரும் அனுப்பினார்கள், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். அப்புறம் உங்கள் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, அடுத்த முறை கவனத்தில் கொள்கிறோம், மெதுவாக ஓடுபவர்கள் தங்களுக்கு வேண்டிய தண்ணீரைத் தாங்களே எடுத்துவருவது நல்லது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு இதைத் தனியாக உங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பெயரைப் போடவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும், அதுவே போதும். இந்த நகரத்தில் ஓட்டம் நடத்தும் மற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதும் என் ஆசை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஓட்டத்தை முடிப்பதற்கான கடைசிக் கெடு, அதாவது கட்-ஆஃப், ஏழு மணி நேரம் என்று அறிவித்தால், ஏழு மணி நேரத்துக்கும் தண்ணீர் இருக்க வேண்டும். கடைசி ஓட்டக்காரர் தாண்டிப் போகும்வரை எந்தப் பந்தலையும் பிரிக்கக் கூடாது.

முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். இது நீங்கள் போட்ட கணக்கு. அன்றைக்கு 33-வது கிலோமீட்டரை நான் தொட்டபோது ஐந்தேகால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான் தாமதமாக வரவில்லை, உங்கள் கணக்குக்கு முன்னாலேயேதான் இருந்தேன். விடிவதற்கு முன்பு நான்கு மணிக்குக் கிளம்பிய ஓட்டம், அப்போது காலை 9.15. வெயில் ஏறிவிட்டது. சென்னைக் கடலோரத்துப் புழுக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் உடம்பில் வேர்வை காயாது, வழிந்துகொண்டேதான் இருக்கும், உடம்பும் குளிராது. என் கறுப்பு டிராயரில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அந்த 33-வது கிலோமீட்டர் பந்தலில் என்ன இருந்தது தெரியுமா? மிதிபட்ட காகிதக் கப்புகள் சாலை முழுக்கக் கிடந்தன. பாதி குடித்து வீசிய சின்ன பாட்டில்கள் கிடந்தன. ஒரு நீல டிரம்மின் அடியில் ஸ்பாஞ்ச் நனைத்த கலங்கல் தண்ணீர் கொஞ்சம் நின்றது. இரண்டு கல்லூரிப் பையன்கள் மேசைகளை மடக்கிக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “அக்கா, ஸ்டாக் முடிஞ்சிடுச்சு, அடுத்த ஸ்டால்ல இருக்கும்” என்றான் ஒருவன். அவன் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நின்ற பிள்ளை, காலையில் அவனுக்கு யாராவது இட்லி கொடுத்தார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான். அவனுக்குச் சொல்லப்பட்டதை அவன் என்னிடம் சொன்னான்.

அடுத்த ஸ்டால் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டாலே இல்லை. சாலையைத் திறந்துவிட்டிருந்தார்கள். கூம்புகளை எடுத்துவிட்டார்கள், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, பைக்குகள் உரசிக்கொண்டு போகின்றன, நாங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் மண்ணோரமாக ஒதுங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். எனக்கு முன்னால் போனவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அறுபது வயதைத் தாண்டியவர், அவருக்கு அதுதான் முதல் ஃபுல் மாரத்தான். காலையிலிருந்து அவரும் நானும் மாறி மாறி முந்திக்கொண்டு வந்ததில் பேச்சுப் பழக்கம் ஆகியிருந்தது. காலியான பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார், அடுத்த பந்தலில் நிரப்பிக்கொள்ளலாம் என்று. திடீரென்று நின்றுவிட்டார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. “ஒரு வாய் தண்ணி இருக்குமாம்மா?” என்று கேட்டார். என்னிடம் இல்லை. அந்தக் கேள்வியும், இல்லை சார் என்று நான் சொன்னதும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு மாநகரத்தின் மாரத்தானில், பணம் கட்டி, எண் போட்ட பிப் அட்டையை மார்பில் குத்திக்கொண்டு ஓடும் ஒரு பெரியவர், இன்னொரு ஓட்டக்காரரிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது.

எங்களைக் காப்பாற்றியது சாலையோரம் இளநீர் விற்ற ஓர் அம்மா. எங்களிடம் காசும் இல்லை, போனும் இல்லை. “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல உட்காருங்க” என்று சொல்லி ஆளுக்கொன்று வெட்டிக் கொடுத்தார். (அடுத்த வாரம் போய்க் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.) ஆசிரியர் அங்கிருந்து கொஞ்ச தூரம் நொண்டிக்கொண்டே வந்தார். 37-வது கிலோமீட்டரில் இருக்கும் என்று நீங்கள் வரைபடத்தில் போட்டிருந்த மருத்துவக் கூடாரத்தை நம்பித்தான் வந்தார். அதையும் பிரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் அவரைத் தன் பைக்கில் உட்காரவைத்து அழைத்துப் போனார். மாதக்கணக்கில் பயிற்சி செய்து வந்த மனிதர் அவர். தன் கால் தோற்றுவிட்டது என்று என்னிடம் சொன்னார். கால் தோற்கவில்லை சார் என்று சொன்னேன், அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். மெதுவாக ஓடுபவர்கள் தண்ணீரைச் சுமந்துவரட்டும் என்கிறீர்கள். ஆறரை, ஏழு மணி நேரத்துக்கு வேண்டிய தண்ணீரை ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட முடியுமா? நீங்களே சொல்லுங்கள். மூன்று மணி நேரத்தில் முடிப்பவர் ஏழு மணிக்கெல்லாம் மெடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், வெயில் என்பதே அவருக்குத் தெரியாது. அவருடைய திறமைக்கு நான் தலைவணங்குகிறேன், அது வேறு. ஆனால் வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்பவர்கள் பின்னால் வரும் நாங்கள். தண்ணீர் அதிகம் தேவைப்படுவது எங்களுக்கு, உங்கள் ஏற்பாட்டில் தீர்ந்துபோவதும் எங்களுக்குத்தான்.

தீர்ந்துபோவதற்குக் காரணமும் எனக்குப் புரிகிறது. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை வைத்து எல்லாப் பந்தலுக்கும் சமமாகப் பாட்டிலைப் பிரித்து அனுப்புகிறீர்கள். ஹாஃப் மாரத்தான் ஓடுபவர்களும் பத்து கிலோமீட்டர்காரர்களும் அதே சாலையில் வந்து சேர்கிறார்கள். முன்னால் வருபவர்கள் ஒரு பாட்டிலை வாங்கி இரண்டு மடக்குக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீசிவிட்டுப் போகிறார்கள். எட்டு மணிக்குள் முக்கால்வாசி காலி. இதற்குப் பெரிய நிபுணர் யாரும் வேண்டாம். ஒவ்வொரு பந்தலிலும் ஒரு பங்கைத் தனியாகக் கட்டி வையுங்கள், எட்டு மணிக்கு முன்னால் அதைப் பிரிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். பாட்டிலுக்குப் பதில் கேனும் கப்பும் வைத்தால் வீணாவதும் குறையும். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் ஒரு வண்டி வரட்டும், அந்த வண்டி தாண்டிய பிறகுதான் பந்தலைப் பிரிக்க வேண்டும் என்று தன்னார்வலர்களுக்குச் சொல்லுங்கள். பின்னால் ஒரு வண்டி வரும் என்று உங்கள் விதிமுறைகளிலேயே இருக்கிறது. அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை.

தண்ணீர் மட்டும் போதாது, உப்புக் கரைசலும் வேண்டும். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து, அந்த ஆய்வை 2005-ல் வெளியிட்டார்கள். அதில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் அந்த ஆபத்து அதிகம். அதாவது எங்களைப் போன்றவர்களுக்கு. எப்போது தண்ணீர் கிடைக்கும் என்று தெரியாதவர் கிடைத்த இடத்தில் வயிறு முட்டக் குடிப்பார். அதுவும் ஆபத்துதான். அதனால் குறித்த இடத்தில் குறித்த பந்தல் நிச்சயம் இருக்கும் என்ற நம்பிக்கைதான் ஓட்டக்காரருக்கு முதல் மருந்து. உலகத் தடகள அமைப்பின் விதியும், பெரிய சாலை ஓட்டங்களில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை பானம் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது.

வெளியூரில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2007 அக்டோபரில் சிகாகோவில் கடும் வெயில், பந்தல்களில் தண்ணீர் இல்லை என்று ஓட்டக்காரர்கள் கொதித்தார்கள், ஓட்டத்தையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2019-ல் லண்டனில், சாலையைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் பின்னால் வந்தவர்களை உடம்பைச் சொல்லி ஏசினார்கள், பந்தல்களும் முன்னதாகவே பிரிக்கப்பட்டன என்று ஏழரை மணி நேரத்தில் முடிப்பவர்களுக்கு வேகம் காட்டி உடன் ஓடிய பேசரே வெளியே சொன்னார். அந்த ஓட்டத்தின் இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். நீங்களே தண்ணீர் கொண்டு வந்திருக்கலாமே என்று அவர் பதில் எழுதவில்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் மாரத்தான் வீராங்கனை ஓ.பி. ஜெய்ஷா ஓட்டத்தை முடித்த இடத்தில் சரிந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவுக்கான மேசைகளில் தனக்குத் தண்ணீர் கொடுக்க யாரும் இல்லை என்றார் அவர். இந்தியத் தடகளச் சம்மேளனம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒலிம்பிக்கிலேயே, தண்ணீர் யார் பொறுப்பு என்ற சண்டை ஒருவர் விழுந்த பிறகு வந்தது. நம் ஊரில் யாரும் விழுவதற்கு முன்னாலேயே அதை எழுதி வைத்துவிடுவோம் என்றுதான் கேட்கிறேன்.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதையிலும் அப்படித்தான். வழி நெடுக மோர், பானகம், சோறு. பிப் நம்பர் கேட்க மாட்டார்கள். கூட்டம் போய்விட்டது, ஒரே ஒரு பாட்டி மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வருகிறார் என்றால் அண்டாவைக் கவிழ்க்காமல் அவருக்காகக் காத்திருப்பார்கள். பணம் வாங்காமல், ஸ்பான்சர் இல்லாமல் ஊர் ஜனங்கள் செய்வது இது. எங்கள் எல்லோரிடமும் ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களால் ஏன் செய்ய முடியவில்லை?

மேடைக்குக் குறையில்லை. ஒலிபெருக்கி, ஜும்பா நடனம், கொடியசைக்க நடிகர், போட்டோ எடுத்துக்கொள்ள அலங்கார வளைவு எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. நான்கு மணி இருட்டில் கொடியசைத்தபோது எத்தனை ஆயிரம் பேர் என்று மைக்கில் பெருமையாகச் சொன்னீர்கள். அந்த எண்ணிக்கையில் நாங்களும் உண்டு. பத்தரை மணிக்கும் நாங்கள் உண்டு. இந்த நகரத்தில் ஒரு சாதாரண நாளில் ஓட இடம் கிடையாது, நடைபாதை உடைந்து கிடக்கும், இருந்தால் பைக் நிற்கும், இருட்டில் தனியாக ஓடும் பெண்ணுக்கு நாய் பயம் வேறு, ஆள் பயம் வேறு. இதையெல்லாம் தாண்டி வருடம் முழுக்கப் பயிற்சி செய்கிறோம், ஏனென்றால் அந்த ஒரு காலையில் சாலை எங்களுக்கு என்று நீங்கள் சொல்கிறீர்கள். நாற்பதுக்கு மேல் ஓட ஆரம்பித்த பெண்கள், சர்க்கரை வந்த பிறகு டாக்டர் சொல்லி ஓட வந்தவர்கள், பிள்ளை பெற்று மீண்டும் ஓட வந்தவர்கள், பெரும்பாலும் பின்னால்தான் வருகிறார்கள். இவர்களை ஓட வைத்ததற்காகத்தான் உங்களை இந்த நகரம் பாராட்டுகிறது.

கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு மாரத்தான் நடத்துவதில் எவ்வளவு பேருடைய அனுமதி, எவ்வளவு இரவுகளின் உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓட்டம் நின்றுவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். சாலையை ஏழு மணி நேரம் மூடிவைக்க அனுமதி கிடைக்காது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கட்-ஆஃபை ஆறு மணி நேரம் என்று மாற்றுங்கள். எங்களில் சிலர் பதிவு செய்ய மாட்டோம், வருத்தப்படுவோம், ஆனால் ஏமாற மாட்டோம். ஏழு என்று அறிவித்துவிட்டு ஐந்து மணி நேரத்தில் பந்தலைப் பிரிப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்த ஓட்டத்துக்குப் பதிவு தொடங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலும் மருத்துவக் கூடாரமும் எத்தனை மணி வரை இருக்கும் என்பதைக் கிலோமீட்டர் வாரியாகப் பதிவுப் பக்கத்திலேயே வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கடைசி ஓட்டக்காரர் கடந்த பிறகே பந்தல் பிரிக்கப்படும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். கூடவே, 37-வது கிலோமீட்டரோடு நின்றுபோன அந்த ஆசிரியருக்கு உங்களிடமிருந்து யாராவது ஒருவர் போன் செய்து பேசுங்கள். அவருடைய எண் உங்கள் பதிவேட்டில் இருக்கும், பிப் எண்ணை உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
பின்வரிசை ஓட்டக்காரி ஒருத்தி