புழுவுக்கு மருந்து சொல்கிறீர்கள், புழு தின்னும் இலையைப் பற்றியும் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சோளத்தில் (மக்காச்சோளத்தில்) படைப்புழுவுக்கு எந்த மருந்தை எவ்வளவு கலந்து அடிக்க வேண்டும் என்று உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். தேவையான குறிப்புத்தான். ஆனால் 2018இல் இந்தப் புழு இலங்கைக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் வாசிப்பதெல்லாம் மருந்துப் போத்தலைப் பற்றியே இருக்கிறது. புழு எந்த வேகத்தில் வளரும் என்பதை வெயிலும் அது தின்னும் இலையும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. வெயிலை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இலை எங்கள் கையில் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

பயிர் சும்மா நின்று கடி வாங்குகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. அமெரிக்காவில் கிளாரன்ஸ் றயன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவும் 1972இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி இலையை வண்டு கடித்தால், புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளை அந்தச் செடி உண்டாக்குகிறது. கடிபட்ட இலையில் மட்டுமல்ல, கடிபடாத இலைகளிலும் அது சேர்கிறது. அப்படிப்பட்ட இலையைப் புழு வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. சோளத்துக்கும் சொந்த ஆயுதங்கள் உண்டு. இளங்கன்றில் கசப்பான ஒரு நச்சு நிறைய இருக்கிறது, வளர வளர அது குறைந்து போகிறது. மேற்கிந்தியத் தீவுகளின் சோளத்திலிருந்து அமெரிக்காவின் மிசிசிப்பியில் உருவாக்கிய ஒரு வகையில் இன்னொரு ஆயுதம். புழு கடித்ததும் குருத்தில் ஒரு நொதியம் சேர்ந்து, புழுவின் குடலுக்குள் இருக்கும் மெல்லிய காப்புச் சவ்வை அரித்து ஓட்டை போடுகிறது. அதைத் தின்ற படைப்புழு சிறுத்தே போகிறது.

புழுவும் லேசுப்பட்டதல்ல. சோளத்தின் அந்தக் கசப்பு நச்சோடு ஒரு சர்க்கரையை ஒட்டி அதைத் தீங்கில்லாமல் ஆக்கிவிடுகிறது. அதைவிடக் கெட்டித்தனமான வேலை ஒன்றும் செய்கிறது. குருத்துக்குள் மரத்தூள் மாதிரிக் கிடக்கும் புழு எச்சத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த எச்சத்தில் இருக்கும் சில புரதங்கள், தன்னைத் தாக்குவது பூஞ்சணம் என்று செடியை நம்ப வைக்கின்றன. செடி நோய்க்கு எதிராகத் தயாராகும்போது புழுவுக்கு எதிரான காவல் தளர்ந்துவிடுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். புழு உடம்பு வைப்பது புரதத்தால். இலையில் புரதம் கூடுவது நைதரசனால். நைதரசனைப் போடுவது நாங்கள், யூரியாவாக. வயல் கரும்பச்சையாக நின்றால்தான் நல்ல கமக்காரன் என்ற ஒரு பெருமை வன்னியில் இருக்கிறது. பக்கத்து வயலை விட நம் வயல் கறுக்க வேண்டும் என்று அளவுக்கு மேல் ஒரு முறை எறிகிறோம். அந்த இளசான, சாறு நிறைந்த இலையில் நெல்லின் இலைச்சுருட்டிப் புழு சீக்கிரம் வளர்கிறது, கூடுதலாகத் தப்பிப் பிழைக்கிறது, அதிகம் முட்டையிடுகிறது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபில நிறத் தத்தியும் அப்படித்தான். பிறகு மருந்துக்கு ஓடுகிறோம். பசளைக்கும் காசு, மருந்துக்கும் காசு.

இதற்காக யூரியாவே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2021இல் இரசாயனப் பசளை நின்றபோது எங்கள் வயல்கள் எப்படி மஞ்சளாய்க் கிடந்தன என்று எல்லோருக்கும் தெரியும். பசித்த செடி கடிபட்ட இலைக்குப் பதில் புது இலை விட முடியாமல் நிற்கும். புழுவும் புரதம் போதாமல் அதே வயிற்றுக்காகக் கூடுதல் இலையைத் தின்னும். வேண்டியது அளவு. பச்சை நிறங்கள் வரிசையாக உள்ள இலை நிற அட்டையைப் பயிரோடு வைத்துப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் மேற்கட்டுப் பசளையான யூரியாவைப் பிரித்துப் போடுவது நெல்லுக்கு நன்றாகவே பொருந்தும். அந்த அட்டையைக் கண்ணால் கூடக் காணாத கமக்காரர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

புழு மெதுவாக வளர்ந்தால் என்ன லாபம், கடைசியில் தின்னத்தானே போகிறது என்று சிலர் கேட்பார்கள். படைப்புழு ஆறு பருவம் கடந்துதான் கூட்டுப்புழு ஆகிறது. அது தின்னும் இலையில் பெரும் பங்கு கடைசி இரண்டு பருவங்களில்தான் போகிறது. சின்னப் புழுவாகவே நாட்கள் இழுபட்டால் குளவியும் எறும்பும் குருவியும் அதைப் பிடிக்க அவகாசம் கிடைக்கும். மருந்து அடித்தாலும் அந்தப் பருவத்தில்தான் பிடிக்கும். குருத்துக்குள் ஆழமாக இறங்கிய பெரிய புழுவுக்கு மேலால் அடித்துப் பயனில்லை, குளவிதான் சாகும்.

இன்னொன்று, மணலில் இருக்கும் கடினமான பொருளான சிலிக்கா. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையில் படிய வைக்கிறது. அது கூடிய இலை அரம் போலப் புழுவின் வாய்ப்பற்களைத் தேய்க்கும், செரிப்பதும் குறையும். உமிச் சாம்பலில் பெரும் பகுதி சிலிக்காதான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நெல் ஆலைகளுக்குப் பின்னால் அது மலையாகக் குவிந்து கிடக்கிறது. சிலிக்கா சேர்ந்த வைக்கோலையும் அறுவடை முடிந்ததும் எரிக்கிறோம் அல்லது ஏற்றி விற்கிறோம். எந்த மண்ணுக்கு எவ்வளவு சாம்பல், வைக்கோலை எப்படி மக்க வைத்துப் போடுவது என்று எங்களுக்குச் சொல்ல ஆட்கள் வேண்டும். பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை எங்களுக்குத் தமிழில், உங்கள் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறேன்.

சோள விதைப் பைக்கற்றில் விளைச்சலும் நாளும் மட்டுமே அச்சடித்திருக்கிறது. அந்த இனம் புழுவை எவ்வளவு தாங்கும் என்று ஒரு சொல் இல்லை. விற்கிறவர்களிடம் கேட்டால் மருந்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். எங்கள் மண்ணில், எங்கள் மழையில் எந்த இனத்தில் புழு சிறுத்து நிற்கிறது என்று இங்கேயே நட்டுப் பார்த்துச் சொன்னால் அதைப் பார்த்து விதை வாங்குவோம்.

காலபோக (பெரும்போக) விதைப்புக்கு முன் கமநல சேவை நிலையங்களில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். இந்த முறை அந்தக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியோடு இலை நிற அட்டையையும் ஆளுக்கொன்று கொடுக்கும்படி விவசாயப் போதனாசிரியர்களை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
ஒட்டுசுட்டான்.